ரிஹாப் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாப் பிறகு என்ன செய்யிறது: வந்தவருக்கும் வீட்டாக்களுக்கும்

என்ட தம்பி ரெண்டாவது தடவ ரிஹாப் (போதைய விட வைக்கிற மறுவாழ்வு நிலையம்) முடிச்சு வந்து இப்ப 3 வருஷம் தாண்டிட்டு. முதல் தடவ கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்தப்ப நாங்க செஞ்சதெல்லாம் பிழை. ஆட்டிறைச்சி சமைச்சு, மாமா மாமி எல்லாரையும் கூப்பிட்டு, அம்மா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்து "இனி எல்லாம் முடிஞ்சுது" எண்டு அழுதாங்க, அண்டைக்கு ராத்திரியே நான் அவன்ட பேக்க திறந்து ஒவ்வொரு சட்டையா உதறிப் பாத்தன், அவன் அத கதவுக்குப் பின்னால நிண்டு பாத்துட்டு ஒண்டும் சொல்லாம போய்ப் படுத்துட்டான். 5 கிழமையில திரும்ப தூள், அதான் ஹெரோயின். ரிஹாப்ல அவனுக்கு 3 மாசம் பாடம் நடந்துச்சு, வீட்டுல இருந்த எங்களுக்கு ஒரு நாள் கூட நடக்கல, அதான் பிரச்சினை எண்டு ரெண்டாவது தடவ தான் விளங்கிச்சு. அதால இத ரெண்டு பக்கத்துக்கும் சேத்து எழுதுறன். எங்கட கதை ஹெரோயின், ஆனா குடி, ஐஸ் (மெத்தம்ஃபெட்டமின்), போதைக் குளிசை எண்டு மத்த வீடுகளுக்கும் பெரும்பாலும் இதே தான், வித்தியாசம் வாற இடத்தில சொல்றன்.

வாறதுக்கு முந்தின கிழமை

டிஸ்சார்ஜ் திகதி தெரிஞ்ச உடன வீட்டுல ஒராள் போய் கவுன்சிலரோட இருந்து கதைங்க. என்ன மருந்து, எவ்வளவு நாளைக்கு, அடுத்த கிளினிக் எப்ப, ராத்திரி பிரச்சினை வந்தா யாருக்கு கோல் எடுக்கிறது, இதெல்லாம் ஒரு கொப்பியில எழுதிக்கோங்க, அண்டைக்கு இருக்கிற பதட்டத்தில ஒண்டும் மண்டையில நிக்காது. சிங்களம் தடுமாறும் எண்டா வெக்கப்படாம தமிழ் கதைக்கிற ஆள் ஒராள் வேணும் எண்டு கேளுங்க, எங்கட அம்மா முதல் தடவ எல்லாத்துக்கும் "ஹரி ஹரி" எண்டு தலையாட்டிட்டு வந்தாங்க, பாதி விளங்கியே இல்ல.

பிறகு அறை. அத அவர் வாறதுக்கு முதல் நீங்க துப்புரவாக்குங்க, ஆனா வந்தாப் பிறகு அதுக்குள்ள போய் தேடாதீங்க, இந்த ரெண்டுக்கும் இடையில பெரிய வித்தியாசம் இருக்கு. மெத்தைக்கு அடி, ஃபேன் மூடி, பாத்ரூம் சிஸ்டர்ன், பழைய சப்பாத்து எல்லாம் பாருங்க. லைட்டர், பழைய சிம், ஃபொயில் பேப்பர் துண்டு எல்லாம் எடுத்து எறிங்க. ஃபொயில் பேப்பர் எண்டு சொன்னது சின்ன விசயமில்ல, தூள் அடிச்ச ஆளுக்கு ஆசை எழும்ப அந்த சத்தமே காணும், நாங்க வீட்டுல ஃபொயில் வாங்குறத நிப்பாட்டி சாப்பாட்டுப் பார்சலுக்கு லஞ்ச் ஷீட் மட்டும் தான். அப்பாட நோவுக் குளிசை, நித்திரைக் குளிசை, இருமல் பாணி எல்லாம் ஒரு பெட்டியில போட்டு பூட்டுங்க. அலுமாரி மேல அப்பா வச்சிருக்கிற சாராயப் போத்தலும் போகணும், அவருக்கு குடிப் பிரச்சினை இல்லாட்டியும் போகணும். தூள விட்டவர் "நான் பியர் மட்டும் தானே" எண்டு தொடங்கி அந்த வழியாலயே திரும்பி வாறத எங்கட ஒழுங்கையிலயே ரெண்டு பேரிட்ட பாத்திருக்கிறன்.

உசிர் போற விசயம், இத முதல் வாசிங்க

ஹெரோயின் மாதிரி சாமான கொஞ்ச மாசம் விட்ட ஆளோட உடம்பு பழைய அளவ தாங்காது. முந்தி தினமும் அடிச்ச அதே அளவ ரிஹாப்ல இருந்து, இல்ல மறியல்ல இருந்து வந்து ஒருக்கா அடிச்சாலும் மூச்சு நிண்டு போகலாம். வந்த முதல் கிழமைகள் தான் ஆபத்து கூட. இத அவருக்கும் நேர சொல்லுங்க, பயமுறுத்துற மாதிரி இல்லாம, டொக்டர் சொல்ற மாதிரி. எழுப்ப எழுப்ப எழும்பல, உதடு நீலம், குறட்டை மாதிரி இல்லாட்டி களகளண்டு மூச்சு, கண்மணி ஊசிமுனை மாதிரி சின்னன், இப்பிடி எண்டா உடன 1990 சுவசெரிய அம்புலன்ஸ். மூச்சு இருந்தா ஒரு பக்கமா சரிச்சுப் படுக்க வைங்க, மூச்சு நிண்டுட்டு எண்டா 1990ல கதைக்கிறவங்க சொல்ற மாதிரி செய்ங்க, ஆள தனிய விடாதீங்க, வாயில தேசிக்காய்த் தண்ணி, உப்புத் தண்ணி ஒண்டும் ஊத்தாதீங்க. என்ன அடிச்சார் எண்டு வாறவங்களுக்கு மறைக்காம சொல்லுங்க, மானம் போகும் எண்டு காய்ச்சல் கதை சொல்லி அந்த 10 நிமிசத்த வீணாக்காதீங்க.

குடிக்காரருக்கு வேற கணக்கு. அவர் திரும்பத் தொடங்கி கன நாள் கடுமையா குடிச்சார் எண்டா, வீட்டுல பூட்டி வச்சு "ஒரு சொட்டு இல்ல" எண்டு திடீரெண்டு நிப்பாட்டாதீங்க. கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத ஆள் நிக்கிற மாதிரி தெரியிறது, இதெல்லாம் நிப்பாட்டின முதல் ரெண்டு மூண்டு நாளைக்குள்ள வரும், ஆஸ்பத்திரியில மருந்தோட தான் நிப்பாட்டணும்.

இன்னொண்டு, இத கட்டாயம் சொல்லணும். குடிய நிப்பாட்ட சாப்பாட்டுல, தேத்தண்ணியில தெரியாம கலந்து குடுக்கிற குளிசை. டைசல்ஃபிரம் எண்ட மருந்து, டொக்டர் குடுத்து, குடிக்கிறவருக்கே தெரிஞ்சு, அவர் சம்மதிச்சு போட்டா அது உதவி. அவருக்குத் தெரியாம குடுத்தா, அவர் வெளிய போய் குடிச்ச உடன முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் விழுந்து ஆள் செத்தும் போகலாம். கடைசிக் குளிசை போட்டு 2 கிழமை வரைக்கும் அந்த வேலை உடம்பில நிக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒராள் புருஷனுக்கு இப்பிடிச் செஞ்சு, அவர் ரோட்டில விழுந்து, ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் காரணம் விளங்கல, இந்த அக்கா பயத்தில வாயே திறக்கல. தெய்வாதீனமா பிழைச்சார். பிழைச்சாப் பிறகு உண்மை தெரிஞ்சு, அதுக்குப் பிறகு அந்த வீட்டுல அவர் பச்சத் தண்ணி கூட வாங்கிக் குடிக்கிறதில்ல.

முதல் மூணு மாசம் உடம்பும் மனசும்

நித்திரை வராது, வந்தாலும் 3 மணிக்கு முழிப்பு. காரணமில்லாம கோவம், காரணமில்லாம அழுகை, எதிலயும் ருசி இல்ல, டீவியக் கூட சும்மா வெறிச்சுப் பாத்துட்டு இருப்பாங்க. இது திமிரும் இல்ல, திரும்பத் தொடங்கிட்டாரு எண்ட அர்த்தமும் இல்ல. மூளை கன காலமா சந்தோசத்த வெளியில இருந்து வாங்கிப் பழகிட்டு, அது தானா செய்யப் பழக மாசக்கணக்கு எடுக்கும். ஐஸ் விட்டவங்களுக்கு இந்த வெறுமை இன்னும் கடுமையா, இன்னும் நீளமா இருக்கும். சாகணும் போல இருக்கு எண்டு ஒரு வார்த்தை வந்தா அத சும்மா பேச்சு எண்டு விடாதீங்க, தேசிய மனநல நிறுவனத்துட 1926க்கு கோல் எடுக்கலாம், இல்லாட்டி 1333 ஆலோசனை லைனுக்கு.

செய்யக்கூடியது சின்னச் சின்ன வேலை தான். ஒரே நேரத்துக்கு எழும்புறது, ஒரே நேரத்துக்கு சாப்பிடுறது, பின்னேரம் 4 மணிக்குப் பிறகு பிளேன்டி கோப்பி இல்ல, வெய்யில் சாயக்க ஒரு நடை. பசி, கோவம், தனிமை, களைப்பு, இந்த நாலும் சேர்ற நேரம் தான் ஆள் விழுற நேரம் எண்டு தம்பிக்கு கவுன்சிலர் சொல்லிக் குடுத்தது, எங்கட வீட்டுல இப்ப அவன் முகம் சுருங்கினா அம்மா முதல் கேக்கிற கேள்வி "சாப்பிட்டியா மகன்", அதுவே பாதி மருந்து.

காசு, போன், நேரம்

இந்த மூணையும் வந்த முதல் கிழமையே இருந்து கதைச்சு முடிவெடுங்க. முடிவு எண்டு சொன்னது சட்டம் போடுறதில்ல, அவரும் சேந்து சொல்லணும், எழுதணும். நாங்க கொப்பியில எழுதி எல்லாரும் கையெழுத்து வச்சம், அப்பாவும் வச்சாரு, ஏனெண்டா அதில அப்பாக்கும் ஒரு வரி இருந்துச்சு: "குடிகாரா, தூள்காரா எண்டு கத்த மாட்டன்."

காசு: பேங்க் கார்ட் என்னட்ட, தினமும் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் அளவான காசு கையில. சம்பளம் வாற நாள் தான் மிச்சம் பயங்கரம், அண்டைக்கு வேலை முடியிற நேரத்துக்கு ஒராள் போய் சேந்து வாங்க, முதல் ஆறு மாசம் நான் போனன். பழைய கடன இன்னொரு லிஸ்ட் போடுங்க. கடைக்காரருக்கு, கூட்டாளிக்கு, சீட்டுப் பிடிச்ச அன்டிக்கு, அடகு வச்ச நகைக்கு எண்டு கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம். சாமான் வித்தவனுக்கு குடுக்க வேண்டிய காசு தான் சிக்கல், அவன் அத சாட்டா வச்சு வீட்டு வாசலுக்கே வருவான், திரும்பவும் சாமான் குடுப்பான். அந்தக் காசு கதைக்கு அவர தனிய அனுப்பாதீங்க, ஒரு நாளும்.

போன்: புது சிம், நம்பர் வீட்டாக்களுக்கும் வேலைக்கும் கவுன்சிலருக்கும் மட்டும். இப்ப எல்லாம் காச போன்ல அனுப்பிட்டு, சாமான எங்க வச்சிருக்கு எண்டு போட்டோ வாற காலம், பழைய நம்பர் உயிரோட இருக்கிற வரைக்கும் கடை மூடலை எண்டு அர்த்தம். ஆனா போன பறிச்சு வைக்காதீங்க, ராத்திரி 2 மணிக்கு ஆசை எழும்பினா கோல் எடுக்க அதே போன் தான் வேணும்.

நேரம்: எங்க போறார், எத்தின மணிக்கு வருவார், அவ்வளவு தான் கேள்வி. பிந்தினா ஒரு மெசேஜ். பாத்ரூம்ல எத்தின நிமிசம் எண்டு எண்ணாதீங்க, வந்து நிண்ட உடன கண்ண உத்துப் பாக்காதீங்க, சட்டைய மணக்காதீங்க. நான் இதெல்லாம் செஞ்சவ, அதால சொல்றன், அப்பிடித் தேடி நான் ஒரு நாளும் ஒண்டும் கண்டுபிடிக்கல, அவன் மட்டும் "எப்பிடியும் நம்பப் போறதில்ல, பிறகென்ன" எண்ட இடத்துக்கு போனான். சந்தேகம் தாங்க ஏலாட்டி கிளினிக்கில யூரின் டெஸ்ட் பத்தி அவரோட சேந்து கேளுங்க, முதலே ஒத்துக்கொண்ட டெஸ்ட் அவருக்கும் நல்லம், "நான் செய்யல" எண்டு காட்ட ஒரு கடதாசி கையில இருக்கும்.

ஆசை எழும்புற நேரம்

இது வந்தவருக்கு. ஆசை வாறது உங்கட தோல்வி இல்ல, அது அலை மாதிரி, ஏறி நிண்டு இறங்கும், பெரும்பாலும் 20, 30 நிமிசம் தான். அந்த அரை மணித்தியாலத்த கடத்துறது தான் வேலை, வாழ்க்கை முழுக்க என்ன செய்யிறது எண்டு அந்த நேரம் யோசிக்கப் போனா தோத்துடுவீங்க. இடத்த மாத்துங்க, அறைக்குள்ள இருந்தா வெளிய, வெளிய இருந்தா உள்ள. ஒராளுக்கு கோல் எடுத்து "எனக்கு இப்ப வருது" எண்டு சொல்லுங்க, அவ்வளவு சொன்னாலே காணும். முகம் கழுவுங்க, இனிப்பா ஏதும் சாப்பிடுங்க. தம்பி வெள்ளவத்தையில இருக்கிற எங்கட பெரியம்மா வீட்டுல முதல் 4 மாசம் நிண்டான், அங்க இருந்து பின்னேரத்தில மரைன் டிரைவ் வழியா பம்பலப்பிட்டி வரைக்கும் கடலோரமா நடந்து போயிட்டு வருவான், திரும்பி வரக்குள்ள அலை இறங்கியிருக்கும் எண்டு சொல்லுவான்.

அவன ஏன் அங்க விட்டம் எண்டா, கொட்டாஞ்சேனையில எங்கட ஒழுங்கை முனை ஓட்டோ ஸ்டாண்டத் தாண்டாம ஒரு பாண் வாங்கக் கூட போக ஏலாது, அந்த ஸ்டாண்டுல தான் எல்லாம் தொடங்கினது. எல்லாருக்கும் வீடு மாற வசதி இல்ல எண்டு தெரியும், அப்பிடி எண்டா வழிய மாத்துங்க, மத்த ஒழுங்கையால சுத்திப் போங்க, கொஞ்ச காலத்துக்கு கடைக்கு வேற ஆள் போகட்டும். எந்த இடம், எந்த ஆள், எந்த நேரம், எந்த மணம் எண்டு உங்களுக்கு மட்டும் தான் தெரியும், எழுதி வைங்க, அதில ஒரு மூணையாவது வீட்டுல ஒராளுக்கு சொல்லி வைங்க.

கலியாண வீடு, செத்த வீடு, சொந்தக்காரங்க

முதல் ஆறு மாசம் குடி நடக்கிற எந்த இடத்துக்கும் போகாம இருக்கிறது பிழையே இல்ல. செத்த வீட்டுக்கு போகத் தான் வேணும் எண்டா பகல்ல போய் தலையக் காட்டிட்டு வாங்க, ராத்திரி காவலுக்கு நிக்காதீங்க, பின்பக்கம் என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். சித்திரை வருஷம், நத்தார் இந்த நாள்களுக்கு முதலே பிளான் போடுங்க. போயாவுக்கு (பௌர்ணமி லீவு) பார் பூட்டு தானே எண்டு நிம்மதியா இருக்காதீங்க, முதல் நாள் பின்னேரம் அங்க நிக்கிற லைன பாத்தா விளங்கும். "ஒரு கிளாஸ் எடு மச்சான்" எண்டு வாற ஆளுக்கு நீளமா விளக்கம் வேணாம், "மருந்து எடுக்கிறன், ஏலாது" எண்டா முடிஞ்சு.

சொந்தக்காரங்க ரெண்டு யோசனை கட்டாயம் சொல்லுவாங்க. ஒண்டு, கலியாணம் கட்டி வச்சா திருந்திடுவான். தயவு செஞ்சு இத செய்யாதீங்க. இன்னொரு வீட்டுப் பிள்ளைய மருந்து மாதிரி பாவிக்க ஏலாது. பொண்ணு பாக்கிற காலம் வரட்டும், அப்ப பொண்ணு வீட்டுக்கு உண்மைய சொல்லித் தான் பாக்கணும். ரெண்டாவது, வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுங்க, அங்க கிடைக்காது. கிடைக்கும். கிடைக்கிறது மட்டுமில்ல, பிடிபட்டா அங்க உள்ள சட்டம் எப்பிடி எண்டும் யோசிங்க, கிளினிக் இல்ல, அம்மா இல்ல, தனி அறை, கை நிறைய காசு.

வேலை வேணும், ஆனா வந்த மறு கிழமையே வேணாம். தம்பி முதல் பெட்டாவில தெரிஞ்ச அண்ணன்ட ஹார்ட்வெயார் கடையில அரை நாள் போனான், அந்த அண்ணனுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சு எடுத்தவர். அப்பிடி ஒராள் கிடைச்சா பெரிய சம்பளத்த விட அது பெறுமதி. கேஸ் இருக்கிறவங்க பொலிஸ் ரிப்போர்ட் கேக்கிற வேலைக்கு பொய் சொல்லி போகாம, கோட்டு திகதி எல்லாத்தையும் கலண்டர்ல வட்டம் போட்டு வச்சு, தவறாம போங்க.

சறுக்கினா

சறுக்கலாம். அமெரிக்காவில இருக்கிற போதைப்பொருள் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் சொல்ற கணக்கில, சிகிச்சைக்குப் பிறகு திரும்ப பாவிக்கிறது 40 தொடக்கம் 60 வீதம், பிரஷர், ஆஸ்துமா காரர் மருந்த விட்டு திரும்ப நோய்ப்படுற அளவுக்கு கிட்ட. பிரஷர் ஏறினா ஆள வீட்ட விட்டு துரத்துறமா, மருந்த மாத்துறம். இங்கயும் அது தான், அண்டைக்கு ராத்திரி சண்டை பிடிக்காம, ஆள் மயக்கத்தில இருக்கேக்க பாடம் எடுக்காம, மூச்ச மட்டும் பாத்துட்டு விடுங்க, விடிய கவுன்சிலருக்கு கோல். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிட நம்பர் 1927. கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேஸ்ல சுமித்ரயோ எண்ட தொண்டு அமைப்பு நடத்துற மெல் மெதுர எண்ட ஆலோசனை நிலையம் இருக்கு, குடிக்கும் தூளுக்கும் ரெண்டுக்கும் போகலாம், காசு எடுக்கிறதில்ல, கதைச்சது வெளிய போகாது. குடிய விட்டவங்க ஒண்டா இருந்து கதைக்கிற ஏஏ (அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களும் கொழும்புல நடக்குது. சறுக்கினவர் நீங்க எண்டா, ஒரு தடவ எண்டது ஒரு தடவ தான், "இனி என்ன இருக்கு" எண்டு ரெண்டாவது நாளுக்கு விடாதீங்க, அண்டைக்கே ஒராளுக்கு சொல்லுங்க.

ஆனா ஒரு எல்லை இருக்கு. அடி, கத்தி, பிள்ளைகள்ட மேல கை, இது நோய் எண்டு பொறுக்கிற விசயமில்ல. பெண்களுக்கு 1938, சின்னாக்களுக்கு 1929. அவருக்கு உதவி செய்யிறதும் நீங்க பாதுகாப்பா இன்னொரு வீட்டுக்கு போறதும் ரெண்டும் ஒரே நேரத்தில செய்யலாம்.

வீட்டாக்களுக்கும் கவுன்சிலிங் வேணும், இத நான் பிந்தித் தான் ஒத்துக்கொண்டன். அம்மாக்கு பிரஷர் கூடி, எனக்கு கேட் சத்தம் கேட்டா நெஞ்சு அடிச்சு, அக்காட சின்னவன் "மாமா திரும்ப ஜெயிலுக்கு போயிட்டாரா" எண்டு ஸ்கூல்ல கேட்டு, இவ்வளவும் தம்பி நல்லா இருந்த காலத்தில தான் நடந்துச்சு. சின்னவனுக்கு பொய் சொல்லாம "மாமாக்கு ஒரு வருத்தம், மருந்து எடுத்து சுகமாகி வாறாரு, உன்னால வந்த வருத்தமில்ல" எண்டு சொன்னம், அவனுக்கு அது காணும்.

எழுதின சட்டத்த எப்ப தளத்துறது எண்டும் முதலே பேசி வைங்க, முடிவில்லாத காவல் ஒருத்தராலயும் தாங்க ஏலாது. நாங்க 3 மாசத்தில நேரக் கேள்விய குறைச்சம், 6 மாசத்தில சம்பள நாளைக்கு போறத நிப்பாட்டினன், ஒரு வருஷத்தில பேங்க் கார்ட் எண்டு கொப்பியில இருந்துச்சு. ஒரு வருஷம் முடிஞ்ச அண்டைக்கு நான் கார்ட மேசையில வச்சன். தம்பி அத கொஞ்ச நேரம் பாத்துட்டு "அக்கா, தீபாவளி முடியட்டும், இன்னும் ரெண்டு மாசம் நீங்களே வச்சிருங்க" எண்டு திரும்பத் தந்தான், நானும் வாங்கி வச்சன்.